கறுப்பு வண்டியும் பொது அளவையும்

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி மும்பை மாநகரின் வீதிகளிலிருந்து ஒரு வண்டி விடைபெற்றது. 'பிரிமியர் பத்மினி' என்னும் பெயர் பூண்ட கறுப்பு-மஞ்சள் டாக்சி அது. அவ்வினத்தின் கடைசி வண்டி 2003 ஒக்டோபர் 29இல் தாடுதேவ் போக்குவரத்து அலுவலகத்திற் பதியப்பெற்றது. அந்நகரில் ஒரு டாக்சியின் ஆயுள் 20 ஆண்டுகளே என்பது விதி. ஆகவே, யாருடைய சினமும் பகையுமின்றி, நாட்காட்டியின் கணக்கினாலேயே அதன் வாழ்வு முடிந்தது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர்தான் அந்நகரின் பழைய டீசல் இரட்டைத்தட்டுப் பேருந்துகளும் ஓய்வு பெற்றிருந்தன.

இவ்விரண்டு பிரிவுகளையும் குறித்து இந்தியப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அவ்விரக்கம் இயல்பானதே. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை வண்டியின் உருவைப் பற்றியே பேசின. அதன் உருண்ட விளக்கு, தடித்த தகடு, திரைப்படங்களில் அது ஓடிய காட்சி என்பவற்றோடு நின்றுவிட்டன. அவ்வண்டியோடு போனது இரும்பும் நிறமும் மாத்திரந்தானா? பெருநகரங்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் அரிதின் முயன்று அமைத்த ஓர் ஒழுங்கும் அதனோடு சேர்ந்து தளர்ந்து வருகின்றது என்பது என் துணிபு. அவ்வொழுங்கின் தளர்ச்சி மும்பையோடு நிற்பதன்று. நெல்வயல் சூழ்ந்த வரிப்பத்தான்சேனையின் சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்கும், அதன் சாரதிக்கும், அதில் ஏறும் தாய்மாருக்கும் அது உரியது. ஆதலின் இப்பொருளை இங்கிருந்து எழுதத் துணிந்தேன்.

சொல்லின் பிறப்பு

டாக்சி என்பதை நாம் ஒரு வண்டியின் பெயராகக் கொள்கின்றோம். ஆராயின், அது வண்டியின் பெயரன்று. வண்டியிற் பொருத்திய ஒரு கருவியின் பெயரிலிருந்து முறிந்த துண்டு. இடைக்கால இலத்தீனில் 'டாக்சா' என்பது விதிக்கப்பட்ட கட்டணத்தைக் குறித்தது. கிரேக்க மொழியில் 'மெட்றோன்' என்பது அளவை. இவ்விரண்டும் கூடி 'டாக்சிமீற்றர்' ஆயின. ஜேர்மனியரான புரூன் என்பவர் 1891இல் இக்கருவியை ஆக்கினார். 1897இல் ஸ்ருட்கார்ட் நகரில் மீற்றர் பூட்டிய டெய்ம்லர் மோட்டார் வண்டி வாடகைக்கு ஓடத் தொடங்கிற்று. இலண்டனில் 1907இல் சட்டம் மீற்றரைக் கட்டாயமாக்கியது. மீற்றர் பூண்டது டாக்சி; பூணாதது வெறும் வாடகை வண்டி. சொல்லே இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றது.

மீற்றர் வருமுன் இருந்த நிலை யாது? பேரம். பேரத்தில் வெல்பவர் ஊரறிந்தவர். தோற்பவர் அயலூரார், முதியோர், நோயாளர், இரவில் வந்திறங்கியவர். அவசரம் எவருக்கு அதிகமோ அவரே கூடுதலாகக் கொடுத்தார். சில வேளை இது தலைகீழாகவும் நிகழும். அடுப்பெரியாத வீட்டை நினைத்துக் கொண்டு நிற்கும் சாரதி அரைக் கூலிக்கு இணங்குவான். மீற்றர் இவ்விருவருக்குமிடையே மூன்றாமவராக வந்து அமர்ந்தது. அது இருவர் கண்ணுக்குந் தெரிவது. இருவராலும் மாற்றத் தகாதது. இருவருக்கும் பொதுவான அரசு வகுத்த கணக்கின்படி ஓடுவது.

எங்கள் பகுதியாருக்கு இதனை விளக்குவது எளிது. களவெட்டியில் நெல்லளக்கும் மரைக்கால் போடியாருக்கு ஒன்று, வயற்காரனுக்கு ஒன்று என இரண்டாக இருத்தலாகாது. ஒரே மரைக்கால், ஒரே தலைவழிப்பு, இருவரும் அருகே நின்று எண்ணும் ஒரே எண்ணிக்கை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் செல்வத்தைப் பாடிய பட்டினப்பாலை ஆசிரியரும் அவர்தம் அளவை பிறழாமையையே பெரிதெனப் போற்றினார். டாக்சிமீற்றர் என்பது வீதிக்கு வந்த மரைக்கால் எனலாம்.

நிறமும் பெயரும்

மும்பையில் 1911ஆம் ஆண்டில் மோட்டார் டாக்சிகள் குதிரை வண்டிகளுக்குத் துணையாக வந்தன. 'விக்டோரியா' எனப்பட்ட அக்குதிரை வண்டிகள் நெடுங்காலம் உடன் ஓடி, 2015இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பினால் தடை பெற்றன. டாக்சிக்குக் கீழ்ப்பாகம் கறுப்பாகவும் கூரை மஞ்சளாகவும் அமைந்தது சுதந்திரத்துக்குப் பிற்பட்ட வழக்கம். அந்நகர அரசியலாளர் வி. பி. காந்தி என்பார் பிரதமர் நேருவிடம் இந்த யோசனையைக் கூறினார் எனச் சொல்வர். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மஞ்சட் கூரை தெரியும். நாள் முழுதும் ஓடும் வண்டியின் கறையும் சேறும் கறுப்பில் அடங்கும். உலகப் புகழ் பெற்ற இலண்டன் டாக்சியின் கறுப்போ எந்தச் சட்டத்தினாலும் வந்ததன்று. 1948இல் வெளிவந்த 'ஒஸ்டின்' டாக்சிக்குக் கறுப்பே வழக்கமான நிறம். வேறு நிறம் வேண்டுவோர் மேலதிகப் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. சாரதிகள் சிக்கனத்தைத் தேர்ந்தனர். அச்சிக்கனமே காலப்போக்கில் ஒரு நகரின் சின்னமாயிற்று.

வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரிமியர் நிறுவனம், மும்பையின் குர்லாத் தொழிற்சாலையில் இத்தாலியப் 'பியட்' கார்களை ஆக்கிற்று. 1964இல் வெளிவந்த 'பியட் 1100 டிலைட்' என்னும் காரே, 1974 முதல் 'பத்மினி' எனப் பெயர் பெற்றது. பத்மினி என்பது தாமரையோடு தொடர்புடைய வடசொல். சித்தூர்க் கோட்டையின் கதையில் வரும் அரசியின் பெயர். கூலிக்கோடும் வண்டிக்கு அரசியின் பெயர் வாய்த்தது ஒரு விந்தையே. அது சிறிய கார். ஆனால் 'கியர்' தண்டு திசைமாற்றுச் சக்கரத்தின் அருகே இருந்தமையால், முன்னாசனம் இடைவெளியற்ற நீண்ட பலகையாக அமைந்தது. சாரதியின் பக்கத்திலும் பயணி அமர்ந்து பேசிக்கொண்டே செல்லலாம்.

அவ்வண்டியின் மீற்றர் உள்ளே இருக்கவில்லை. வெளியே, இடப்பக்கத்து முன்மூடியின் அருகில் இரும்புப் பெட்டியாக நின்றது. அதன் தகட்டை நிமிர்த்தினால் வண்டி வெறுமையென்று பொருள்; மடக்கினால் ஆளுண்டு என்று பொருள். விலைவாசி உயர உயர அவ்வியந்திரத்தின் பல்சக்கரங்களை மாற்றுதல் இயலாமையால், அது காட்டும் எண்ணைக் கட்டண அட்டையோடு ஒப்பிட்டு உரிய தொகையை அறிவது வழக்கமாயிற்று. அட்டையைக் காட்டுமாறு கேட்பது பயணியின் உரிமை. காட்டுவது சாரதியின் கடமை. 2012ஆம் ஆண்டையொட்டி மின்மீற்றர் கட்டாயமானபோது அவ்வட்டையின் தேவை குறைந்தது.

இக்கட்டணம் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. 2012இல் ஹக்கீம் என்பாரின் ஒருவர் குழு, வண்டியின் விலை, எரிபொருள், பராமரிப்பு, வாழ்க்கைச் செலவு என்பவற்றைக் கூட்டி ஒரு சூத்திரம் வகுத்தது. பின்னரும் அரசாங்க அதிகாரசபையே கட்டணத்தை அறிவித்து வருகின்றது. 2025 பெப்ரவரி முதலாந் திகதியிலிருந்து மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிக்கு முதல் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு 31 ரூபா என்பது அவ்வாறு வந்த அறிவிப்பே. அது கூடுதலென்று பயணியும், போதாதென்று சாரதியும் முறையிடலாம். முறையிடுவதற்கு ஓரிடம் உண்டு என்பதே இங்கு முக்கியம்.

அவ்வண்டிகளை ஓட்டியவர் யாவர்? பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய வட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர். ஒரே வண்டியைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக ஓட்டுவர். இடமில்லாதோர் அதன் ஆசனத்திலேயே உறங்குவர். 2008 பெப்ரவரியில் வெளிமாநிலத்தார் மீது வன்செயல் மூண்டபோது முதலில் அடிபட்டவர்களுள் இச்சாரதிகளும் அடங்குவர். நகரத்தைச் சுமந்தவரை அந்நகரிற் சிலர் அந்நியர் என்றனர். 1990களின் இறுதியில் சுமார் 63,000 ஆக இருந்த கறுப்பு-மஞ்சள் டாக்சிகள் 2023இல் சுமார் 40,000 ஆகக் குறைந்தன. பத்மினி மறைந்தபோதிலும் வேறு கார்கள் அந்நிறத்தைப் பூண்டு இன்றும் ஓடுகின்றன. ஆகவே மாண்டது நிறமன்று. தேய்வது எண்ணிக்கையும் செல்வாக்கும்.

வீதியைக் கற்றவர்

பொது அளவைக்கு இணையாக நின்ற மற்றொரு தூண் சாரதியின் கல்வி. இலண்டன் இதற்குச் சிறந்த சான்று. வாடகைக் குதிரை வண்டிகளை ஒழுங்குசெய்ய அந்நாட்டுப் பாராளுமன்றம் 1654இலேயே ஆணை பிறப்பித்தது. 1865 முதல், டாக்சி ஓட்ட விரும்புவோர் 'அறிவு' என்றே பெயர்பெற்ற ஒரு பரீட்சையிற் சித்தியடைய வேண்டும். சேரிங் குறொஸ் என்னும் மையத்திலிருந்து 6 மைல் சுற்றளவுக்குள் அமைந்த ஏறத்தாழ 25,000 வீதிகளையும், அவற்றிலுள்ள மருத்துவமனை, நீதிமன்றம், அரங்கு முதலியவற்றையும் மனத்திற் பதிக்க வேண்டும். வாய்மொழியாகவே விடை கூற வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் இதற்குக் கழிவது இயல்பு. மழையிலும் பனியிலும் சிறு மோட்டார் சைக்கிளில் திரிந்து வீதி வீதியாகப் பாடங் கேட்போரை அந்நகரில் இன்றுங் காணலாம்.

எலினர் மக்குவயர் என்னும் அறிஞரின் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இச்சாரதிகளின் மூளையில் இட நினைவுக்குரிய பகுதியின் பின்புறம் ஏனையோரினும் பெரிதாயிருத்தலைக் காட்டியது. பிறவியிலேயே அவ்வாறு அமைந்தோர்தாம் இத்தொழிலுக்கு வருகின்றனரோ என்னும் ஐயத்தை 2011இல் வந்த ஆய்வு தீர்த்தது. பயிலத் தொடங்கியபோது எல்லாரும் ஒத்திருந்தனர். பயின்று சித்தியடைந்தோரிடத்தே மாத்திரம் அவ்வளர்ச்சி தோன்றிற்று. மனனம் செய்தலை இகழும் இக்காலத்தில் ஆசிரியர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

நம் பழைய இலக்கியமும் இவ்வறிவுடையோனை மதித்தது. வினைமுடித்து மீளும் தலைவன், முல்லைப் பாட்டுக்களில், தன் உள்ளத்தைத் திறந்து உரைப்பது அமைச்சனிடத்தன்று, தேரோட்டும் வலவனிடத்து. காட்டு வழியையும் குதிரையின் களைப்பையும் பொழுதின் அளவையும் அறிந்தவன் அவனே. அவனுக்குப் பெயரில்லை, ஆயினும் அவன் அறிவின் மேல் தலைவனின் நம்பிக்கை முழுவதும் நிற்கின்றது.

தொகை தெரியும், அளவை தெரியாது

கைத்தொலைபேசிச் செயலி இவ்விரு தூண்களையும் அசைத்தது. ஊபர் நிறுவனம் இலண்டனுக்கு 2012இலும் இந்தியாவுக்கு 2013இலும் வந்தது. இந்தியாவில் 2010இலேயே ஓலா தோன்றியிருந்தது. வீதியின் அறிவு செய்மதி காட்டும் படத்துக்குட் புகுந்தது. கட்டணத்தின் அறிவு நிறுவனத்தின் கணினிக்குட் புகுந்தது.

பழைய சாரதிகள் குறையற்றவர் என்பது என் கருத்தன்று. குறுந்தூரத்துக்கு வர மறுத்தல், மீற்றரைத் திருத்தி ஓட்டல், மழைநாளிற் பேரம் பேசுதல் என்பன மும்பையில் நெடுநாட் புகார்கள். செயலி வந்தபின் வாசற்படியில் வண்டி நிற்கின்றது. நள்ளிரவில் தனித்துச் செல்லும் பெண்ணின் பயணம் எங்கோ பதியப்பெறுகின்றது. ஏறுமுன்னரே தொகை தெரிகின்றது. இவை மெய்யான நன்மைகள். இவற்றை மறுப்பார் தம் வீட்டாரிடமே தோற்பர்.

ஆயின் ஒரு வேறுபாட்டை உற்றுநோக்க வேண்டும். செயலி காட்டுவது தொகை, அளவையன்று. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு நேற்று ஒரு தொகை, இன்று ஒரு தொகை. மழை பெய்தால் ஒன்று, பெருநாட் கூட்டத்தில் ஒன்று. அது ஏன் கூடிற்று என்பது பயணிக்குத் தெரியாது; அதிற் தனக்கு எவ்வளவு என்பதைச் சாரதி முன்கூட்டித் தீர்மானிக்க இயலாது. பழைய பேரத்தில் இருவர் முகமாவது எதிரெதிரே இருந்தன. புதிய முறையில், கட்டணத்தை வகுப்பவர் வண்டியினுள் இல்லை. மரைக்காலை மூன்றாமவர் ஒருவர் மூடிய அறைக்குள் வைத்து அளந்து, எண்ணிக்கையை மட்டும் வெளியே சொல்லுவது போன்றது இது.

அரசுகள் இதனை உணரத் தொடங்கிவிட்டன. இந்திய அரசு 2020இல் வெளியிட்ட நெறிமுறை, நெருக்கடி வேளையில் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கலாகாது என்றும், சொந்த வண்டி ஓட்டும் சாரதிக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்காவது சேர வேண்டும் என்றும் கூறிற்று. 2025இல் வந்த புதிய நெறிமுறை அவ்வுச்சவரம்பை இரு மடங்காக உயர்த்தியது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் எனத் தீர்ப்பளித்தபோது எடுத்துக்காட்டிய காரணங்களுள் முதலாவது, கட்டணத்தை நிர்ணயிப்பவர் சாரதியல்லர், நிறுவனமே என்பதாகும். அளவை எவர் கையில் இருக்கின்றதோ அவரே எசமானர் என்பதை நீதிமன்றமும் கண்டுகொண்டது.

நம் சந்தியில்

நம் நாட்டில் வாடகைக் காரின் கதை வேறு விதமானது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தமையால், மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் தம் ஆயுளைக் கடந்து உழைத்தன. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் தடையின்போது, சிறிதளவு பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயால் ஓட்டப்பெற்ற பழைய ஒஸ்டின் கார்களைப் பலரும் அறிவர். என் இளமையில் எங்கள் பக்கத்திலும் ஊருக்கு இரண்டொரு 'ஹயர்' கார்களே இருந்தன. மணமகனும் அதிற்றான் வந்தான். மகப்பேற்று நோவு கண்ட பெண்ணும் அதிற்றான் ஆசுபத்திரிக்குச் சென்றாள். அக்கார்களுக்கு மீற்றர் இருக்கவில்லை. சாரதியை ஊர் அறிந்திருந்தது, ஊரைச் சாரதி அறிந்திருந்தான். அவ்வறிமுகமே அளவையாக நின்றது.

பின்னர் முச்சக்கர வண்டி வந்தது. இன்று நாட்டிற் பதியப்பெற்றவை 11 இலட்சத்துக்கு மேல். இத்துணைப் பெருந்தொகையான இளைஞரின் சோறு இதில் இருக்கின்றது. என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவருட் சிலரும் இன்று சந்தியில் வண்டியோடு நிற்கின்றனர். "சேர், ஏறுங்க" என்று அவர்கள் அழைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியே. கூலி கேட்டால் "நீங்க தாறதத் தாங்க" என்பர். அவ்விடத்தேதான் என் கவலை தொடங்குகின்றது. ஆசிரியரிடம் கேட்கக் கூசி நட்டமடையும் அதே இளைஞன், அடுத்து வரும் அறிமுகமற்ற ஒருவரிடம் அந்நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியவனாகின்றான். முகம் பார்த்துக் கூலி கேட்கும் இடத்தில் நேர்மையுள்ளவனுக்கும் நேர்மையோடு நிற்றல் அரிது.

2022ஆம் ஆண்டு இதனை வெட்டவெளிச்சமாக்கியது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அதன்பின் வந்த பங்கீட்டு முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் மாத்திரமே முதலிற் கிடைத்தது. வரிசையில் இரவு பகலாக நின்றவன் தன் நாட்கூலியையும் எரிபொருளோடு சேர்த்துக் கேட்டான். கேட்கப்பட்டவரோ அவனைக் கொள்ளைக்காரன் என்றார். இருவரும் பொய் கூறவில்லை. இருவருக்கும் நடுவே வைத்து எண்ணுவதற்கு ஒரு மரைக்கால் இல்லாது போயிற்று.

செயலிகள் 2015இலேயே இந்நாட்டுக்கு வந்துவிட்டன. அவை கொழும்பில் வேரூன்றின. கீழ்க்கரையோர ஊர்களுக்கும் அவை முழுமையாக வந்தே தீரும். பொது அளவை இருந்து, அதனைச் செயலி பெயர்த்தது மும்பையின் கதை. பொது அளவை ஒன்று ஊன்றுமுன்னரே செயலியின் கைக்குட் செல்லப்போவது நம் கதை. மும்பைச் சாரதிக்கு இழந்த உரிமையைச் சுட்டிக் கேட்க ஒரு பழைய மீற்றராவது இருந்தது. நம் இளைஞனுக்குச் சுட்டிக்காட்ட எதுவும் இராது. நிறுவனம் தருவதே கூலியாகும், அது கழிப்பதே நியாயமாகும்.

இதற்கு மாற்று உண்டு. அது பெரும்பொருள் வேண்டுவதன்று. உள்ளூராட்சிச் சபைகள், சாரதிகளையும் பயணிகளையும் ஒருங்கே அழைத்து, தரிப்பிடந்தோறும் ஒரு பலகை நாட்டலாம். இங்கிருந்து ஆசுபத்திரிக்கு எத்தனை கிலோமீற்றர், பேருந்து நிலையத்துக்கு எத்தனை, பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்பதை அதிற் தமிழிலும் சிங்களத்திலும் எழுதலாம். எரிபொருள் விலை மாறுந்தோறும் அக்கணக்கை மீண்டும் கூடியிருந்து திருத்தலாம். மீற்றர் பூட்டியோர் அதனை மூடி வையாது ஓட்டலாம். சாரதிச் சங்கங்கள் தம் இளைஞருக்கு ஊரின் வீதிகளையும், அவசர வேளையிற் செல்லும் வழிகளையும், பயணியோடு பேசும் முறையையும் கற்பித்துச் சான்றிதழ் வழங்கலாம். அத்தகைய அளவையும் கல்வியும் முன்னரே நிலைபெற்றிருப்பின், நாளை வரும் எந்நிறுவனமும் அவற்றை மதித்தே வரவேண்டியதாகும்.

கல்லூரிக் கணித ஆசிரியர்கள் மனம்வைத்தால், உயர்தர வகுப்பு மாணவரைக் கொண்டே இப்பலகைக்குரிய தூரக் கணக்கை ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடலாம். அப்பணிக்கு ஒரு நாடாவும், ஒரு சைக்கிளும், சாரதிகளோடு அமர்ந்து தேநீர் அருந்தும் பொறுமையுமே வேண்டும்.